இரவு ஷிப்ட் மாணவர்களின் கல்லூரி

ஜூஜுவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி. கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். இந்தப் பக்கம் ஓசூர் மாநகராட்சியின் கடைசித் தெருக்கள், சிப்காட் தொழிற்பேட்டையின் மதில்கள், வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வரிசை வீடுகள், பேச்சலர் அறைகள், மெஸ்கள். டீக்கடையில் சற்று நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் காதில் விழும். காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று வேளையும் சாலையில் முகங்கள் மாறும். ஒரு ஷிப்ட் இறங்கும்போது இன்னொரு ஷிப்ட் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்.

அப்படி நிற்பவர்களில் பலர் மாணவர்கள். சொந்த ஊரில் ‘வேலைக்குப் போறான்’ என்று ஒரு கணக்கு, ‘படிக்கிறான்’ என்று ஒரு கணக்கு. இங்கே இரண்டும் ஒரே ஆள். டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரண்டீஸாகச் சேர்ந்தவர் பி.இ.க்குப் படிக்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண் தொலைநிலையில் பி.காம். எழுதுகிறார். பகலில் கலைக் கல்லூரி, மாலையில் குடோன் வேலை என்று இருப்பவர்களும் உண்டு. தர்மபுரி, திருவண்ணாமலை, சேலம் பக்கமிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இவர்களுக்கு வகுப்பறை என்பது பெரும்பாலும் கையில் இருக்கும் போன்தான். ஆன்லைன் பாடம் நல்லதா, நேர்வகுப்பு நல்லதா என்று நகரங்களில் இன்னும் விவாதம் நடக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் சி ஷிப்டை முடித்து காலை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்புகிறவருக்கு அந்த விவாதத்தில் இடமே இல்லை. ஒன்பது மணி வகுப்பில் அவர் உட்கார முடியாது. அந்த வகுப்பின் பதிவு அவருக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? அவருடைய பட்டம் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

64 கேபிபிஎஸ் கணக்கு

முதலில் டேட்டா. இங்கே பெரும்பாலானோர் போடுவது நாளுக்கு ஒன்றரை ஜிபியோ 2 ஜிபியோ தரும் ரீசார்ஜ். அது தீர்ந்ததும் இணையம் அறுந்துவிடாது; வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 5ஜி போனும் அதற்குரிய ரீசார்ஜும் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. பழைய போனோடு இருப்பவருக்கு, அறையில் நான்கு பேர் ஒரே ஹாட்ஸ்பாட்டில் தொங்கும் இடத்தில், ராத்திரி பதினொரு மணி வாக்கில் இதுதான் நிலவரம்.

அந்த வேகத்தில் ஒரு மணி நேர விரிவுரை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரளவு தெளிவான வீடியோ சுமார் 250 எம்பி இருக்கும். 64 கேபிபிஎஸ்ஸில் அது இறங்க எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு முழு ஷிப்டைவிட அதிகம். அதே விரிவுரையின் குரலை மட்டும் பிரித்து, அதே 64 கேபிபிஎஸ் தரத்தில் வைத்தால் 29 எம்பிக்குள் அடங்கும்; இறங்கச் சரியாக ஒரு மணி நேரம். ஆசிரியர் பேசியதை எழுத்தாக்கிய பிடிஎஃப், அரை எம்பி என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும்.

ஆக, ஒரே பாடம் வீடியோவாக மட்டும் இருந்தால் இந்த மாணவருக்கு இல்லை. எழுத்தாகவும் இருந்தால் உண்டு. இந்தச் சின்ன வேறுபாட்டைக் கல்லூரி நிர்வாகங்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ‘லிங்க் போட்டாச்சே, பார்க்க வேண்டியதுதானே’ என்பார்கள். போட்டது லிங்க் மட்டும். டவுன்லோடு செய்ய அனுமதி இருக்கிறதா, குரல் தனியாக இருக்கிறதா, எழுத்து வடிவம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு தொல்லையும் முன்பு இருந்தது. ஜூஜுவாடியில் போன் சில சமயம் கர்நாடக டவரைப் பிடிக்கும். தமிழ்நாட்டுக்குள் அறையில் படுத்திருப்பவருக்கே ரோமிங் விழும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, 2017-இல் மற்ற கம்பெனிகளும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்ட பிறகு அது ஒழிந்தது. எல்லையோர மாணவர்களுக்கு அது பெரிய விடுதலை.

தபாலில் வந்த பல்கலைக்கழகம்

வேலைக்குப் போகிறவருக்குப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. டில்லி பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல். ஆசிரியர்கள், எழுத்தர்கள், நடத்துநர்கள், மில் தொழிலாளர்கள் என்று ஒரு தலைமுறையே தபால்காரர் கொண்டுவந்த பழுப்பு உறைகளால் பட்டதாரி ஆனது. எங்கள் குடும்பங்களில் முதல் பட்டம் பெரும்பாலும் அப்படித்தான் வந்தது.

அந்தப் பழுப்பு உறைக்கு இன்றைய லிங்க்குக்கு இல்லாத ஒரு குணம் இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டால் அது மாணவருடைய சொத்து. பாஸ்வேர்டு கிடையாது, கெடு கிடையாது. அக்கா படித்ததைத் தம்பி படித்தான்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1984 ஆகஸ்ட் 15 அன்று யுஜிசியின் நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. நல்ல பாடங்கள், ஆனால் அவர்கள் ஒளிபரப்பும் நேரத்தில் நாம் வீட்டில் இருக்க வேண்டும். ஷிப்ட் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. 2017 ஜூலை 9 அன்று தொடங்கிய ஸ்வயம் பிரபா டிடிஎச் சேனல்கள் இந்தக் குறையைப் புரிந்துகொண்டவை: தினமும் புதிதாக வரும் நான்கு மணி நேரப் பாடத்தை அன்றே மேலும் ஐந்து முறை திரும்பப் போடுவார்கள். எந்த ஷிப்டில் இருந்தாலும் ஒரு முறையாவது கண்ணில் படட்டும் என்ற ஏற்பாடு. பேச்சலர் அறையில் டிவி இருந்தால்தானே என்பது வேறு விஷயம்.

இந்த வரலாற்றில் தமிழர்கள் மறக்கக் கூடாத பெயர் வா.செ. குழந்தைசாமி. கரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து நீரியல் அறிஞரானவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்துவிட்டு, 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதில் முன்னணியில் நின்றவர் அவர். அது தொடங்கிய நாள் 2001 பிப்ரவரி 17. அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது அதே ஆண்டு ஏப்ரலில். உலகம் முழுக்கச் செய்தியான அந்த அறிவிப்புக்கு ஏறத்தாழ ஏழு வாரம் முன்பே, தமிழ் படிக்க விரும்பும் எந்த நாட்டுத் தமிழருக்கும் இணையத்தில் பாடம் வைக்க ஒரு நிறுவனத்தைத் தமிழ்நாடு திறந்துவிட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அந்த முன்மாதிரியை நம் கல்லூரிகள் ஏன் பின்தொடரவில்லை என்று ஆதங்கமாகவும் இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த ஹார்டு டிஸ்க்

பொறியியல் மாணவர்களைக் கேட்டால் முதலில் சொல்லும் பெயர் என்பிடெல். 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் தொடங்கிய திட்டம். மெட்ராஸ் ஐஐடிதான் அதன் முதுகெலும்பு. ஐஐடியில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானவர்களுக்கு ஐஐடியின் வகுப்பையாவது கொடுப்போம் என்பது எண்ணம். நாட்டின் சிறு நகரக் கல்லூரிகளில் இணையம் நத்தை வேகத்தில் இருந்த காலத்தில், வீடியோக்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக் கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். கல்லூரி அதைத் தன் சர்வரில் போட்டுவிட்டால் இணையமே இல்லாமல் மாணவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பாடம் போய்ச் சேரவேண்டும் என்று உண்மையிலேயே விரும்பியவர்கள் செய்த வேலை அது.

2014 முதல் என்பிடெல் சான்றிதழோடு கூடிய படிப்புகளை நடத்துகிறது. நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் படிப்புகள். பதிவுசெய்யக் கட்டணமில்லை, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் பணம், பல ஆண்டுகளாக அது 1,000 ரூபாய். மதிப்பெண்ணில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நான்கு வாரம் தவறினாலும் பாதகமில்லை. இதை வகுத்தவர்கள் ஷிப்ட் தொழிலாளியை மனத்தில் வைத்து வகுத்தார்களோ இல்லையோ, அவருக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அசைன்மென்ட்டுக்குக் கெடு பெரும்பாலும் புதன் இரவு 11:59. பி ஷிப்டில் இருப்பவர் பத்து மணிக்கு வெளியே வந்து, பஸ் பிடித்து, அறையில் கால் வைக்கும்போது பதினொன்று ஆகிவிடும். கை கழுவி, மெஸ்ஸிலிருந்து எடுத்துவைத்த சப்பாத்தியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, பத்துக் கேள்விக்குப் பதில் தட்டி, 11:50-க்கு சப்மிட் கொடுப்பார். ஒரு நாள் முன்னதாகவே முடித்திருக்கலாமே என்று சொல்லத் தோன்றும். முந்தைய நாளும் அவருக்கு பி ஷிப்ட்தான்.

என்பிடெல்லில் என்னை அதிகம் கவர்ந்தது வீடியோ இல்லை, எழுத்து. ஆசிரியர் பேசிய பேச்சு முழுவதையும் எழுதி, திருத்தி, பிடிஎஃப்ஆக வைக்கிறார்கள். பல பாடங்களுக்கு அதையே தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி உள்ளிட்ட மொழிகளிலும் தருகிறார்கள். ஜூஜுவாடிக்கு இதன் அருமை வேறு எந்த ஊரையும்விட நன்றாகப் புரியும். ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். வெப்பவியலில் என்ட்ரோபி என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் மூன்று முறை கேட்டும் பிடிபடாதது, தமிழில் ஒரு முறை படித்ததும் பிடிபடும். அதே அறையில் இருக்கும் சித்தூர்ப் பையன் அதையே தெலுங்கில் படிப்பான். ஒரே விரிவுரை, ஒரே அறை, இரண்டு மொழி. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியபோது, பாடநூலுக்கு எங்கே போவது என்று பலர் கேட்டார்கள். இன்று எழுத்து வடிவில் இருக்கும் இந்த மொழிபெயர்ப்புகளை நம் ஆசிரியர்கள் வகுப்பில் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். காட்டுவோர் குறைவு.

மெட்ராஸ் ஐஐடி இன்னும் ஒரு படி மேலே போனது. 2020 ஜூன் 30 அன்று அது அறிவித்த டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பில் விரிவுரைகள் முழுக்க வீடியோ. தேர்வுகள் மட்டும் நேரில், ஊர் ஊராக மையங்களில். ஜேஇஇ வேண்டாம், நான்கு வாரம் பாடம் பார்த்து, அதில் தகுதித் தேர்வு எழுதித் தேறினால் சேரலாம். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. வேலையில் இருந்துகொண்டே ஐஐடி மாணவராகலாம் என்ற நிலை பத்து வருடம் முன்பு கனவிலும் வந்திருக்காது.

சொந்தக் கல்லூரியின் பூட்டு

இவ்வளவும் வெளியே திறந்து கிடக்கின்றன. எம்ஐடி பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-இல் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பை ஜூஜுவாடியில் இருக்கும் ஒருவர் இன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்கலாம். தன் சொந்தக் கல்லூரியில் போன செவ்வாய்க்கிழமை நடந்த கணக்கு வகுப்பை அவரால் பார்க்க முடியாது. தேர்வுத்தாளைத் திருத்தப்போவது ஸ்ட்ராங் இல்லை. எந்த யூனிட்டில் எது முக்கியம், இன்டர்னலுக்கு எதைக் கேட்பார்கள், எந்த முறையில் எழுதினால் மதிப்பெண் என்பதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் இருக்கிறது. கட்டணம் கட்டியதும் அந்த வகுப்புக்குத்தான்.

இது ஏன் இங்கே இவ்வளவு முக்கியமாகிறது என்பதற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. டிப்ளமோ முடித்து ஆலைகளில் சேர்ந்தவர்கள் ஒரு காலத்தில் தொலைநிலையில் பி.இ., பி.டெக். முடித்து பதவி உயர்வு பெற்றார்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதியில்லாமல் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களைச் செல்லாதென்றது. நான்கில் ஒன்று சேலத்தில் உள்ளது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி தேர்வெழுதித் தேறினால்தான் பட்டம். அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. செய்முறை இல்லாத பொறியியல் கூடாது என்ற நீதிமன்றத்தின் நிலை சரியானதே. ஆனால் அந்தக் கதவு மூடியதும், வேலையில் இருப்பவர் பி.இ. படிக்க ஒரே வழி கல்லூரிக்கு நேரில் போவதுதான் என்றானது. பகுதிநேரப் படிப்பு, 2023-24 முதல் ஏஐசிடிஇ வேலையில் இருப்போருக்கென அனுமதித்த வகுப்புகள் எல்லாம் நேரில்தான். ஆய்வகத்துக்கு விடுப்பு போட்டுப் போய்விடுவார்கள். தியரி வகுப்புதான் ஷிப்டோடு மோதுகிறது. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டில் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாவது வகுப்புகள் கைநழுவும்.

விதிகளில் ஒரு முரண் தெரிகிறது. ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு, யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி வீடியோ, எழுத்துப் பாடம், கலந்துரையாடல், சுய மதிப்பீடு என்ற நான்கும் கட்டாயம். நேரில் வகுப்பு நடத்தும் கல்லூரிக்கு, நடந்த பாடத்தைப் பதிவுசெய்து மாணவருக்குத் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் பதிவுகள் பெருகின. ஜூஜுவாடி எல்லையில் இ-பாஸ் கேட்டு வண்டிகளை நிறுத்திய அந்த 2020-இல், பெங்களூரில் படித்த பிள்ளைகள் இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வகுப்பைப் பார்த்தார்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்கள் சுமார் 9.7 லட்சம் பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி டேட்டாவைத் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்தது. கல்லூரி திறந்ததும் வகுப்பைப் பதிவுசெய்யும் பழக்கம் போன இடம் தெரியவில்லை.

இடமில்லை என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். கூகுள் தன் கல்விக் கணக்குகளுக்குக் கொடுத்துவந்த அளவில்லாத சேமிப்பை நிறுத்தி, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டிபி என்று வரம்பு போட்டது உண்மை. பல இடங்களில் பழைய பதிவுகளை அழித்தார்கள். ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு 100 பேப்பர், பேப்பருக்கு 45 மணி நேரம், மணிக்கு அரை ஜிபி என்று தாராளமாகவே வைத்தாலும் இரண்டேகால் டிபிதான். கடையில் வாங்கும் ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிட்டு மீதி இடமும் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் என்பிடெல் ஹார்டு டிஸ்க்கில் செய்ததை இன்று ஒரு கல்லூரி தன் மாணவருக்குச் செய்ய முடியாது என்றால், குறை இடத்தில் இல்லை.

ஆசிரியரின் பயம்

குறை எங்கே என்று ஆசிரியர்களிடம் மனம் விட்டுப் பேசினால் தெரியும். வகுப்பில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வரியை வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் யார் பொறுப்பு? தப்பாகப் போட்ட ஒரு கணக்கு காலத்துக்கும் நிற்குமா? இவை நியாயமான பயங்கள். கௌரவ விரிவுரையாளர்களின் பயம் இன்னும் ஆழமானது. ஆண்டுதோறும் வேலை நீட்டிப்புக்குக் காத்திருப்பவர்களிடம், உங்கள் பாடம் முழுவதையும் பதிவுசெய்து கொடுங்கள் என்றால், அடுத்த வருடம் இந்த வீடியோவையே போட்டுக்கொண்டு நம்மை வேண்டாம் என்பார்களோ என்று நினைக்காமல் எப்படி இருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பதிவைக் கட்டாயமாக்குவது அநியாயம்.

பதில் சொல்ல முடியும். பதிவு அந்தப் பேப்பரில் அந்த வருடம் பெயர் பதிந்த மாணவருக்கு மட்டும். அவர்கள் அரியர் எழுதி முடிக்கும் வரை இருக்கும். ஆசிரியரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் மறு வருடம் பயன்படாது. வெளியே விட்டால் நடவடிக்கை. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். மாணவர் முகம் தெரியும் கேமராகூட வேண்டாம். ஆசிரியர் குரலும் கரும்பலகையும் போதும். குரல் மட்டும் இருந்தாலும் போதும். பதிவு கிடைத்தால் யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 75 சதவீத வருகை விதி இருக்கும்போது, வரமுடிந்தவர் வரத்தான் செய்வார். பதிவு வரமுடியாதவருக்கு.

ஆறு மணிக்குப் பிடுங்கிய போன்

பெண்களுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை ஆறு முதல் இரவு பத்து வரை போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. பி.ஏ. ஆங்கிலம் படித்த ஒரு மாணவி மறுத்தார்; விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, மாணவியை மறுபடி விடுதியில் சேர்க்கச் சொன்னார். கொரோனாவுக்குச் சில மாதங்கள் முன்பு வந்த தீர்ப்பு. ஒரு மாணவி தனியாக நின்று வாங்கியது.

ஓசூரைச் சுற்றி ஆலைகளில் வேலை செய்யும் இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்குகிறார்கள். ஒரு அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவருக்கு வகுப்பு. விளக்கைப் போட முடியாது, சத்தம் வைக்க முடியாது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு காதில் இயர்போனோடு பாடம் கேட்பதைப் பார்த்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்கும் வார்டன்கள் உண்டு. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ரீசார்ஜுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2011-இல் தொடங்கி இடையில் நின்றுபோன இலவச லேப்டாப்புக்குப் பதிலாக, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ என்று 2025-26 பட்ஜெட் அறிவித்தது. கருவியும் டேட்டாவும் வந்துகொண்டிருக்கின்றன. உட்கார்ந்து படிக்க அரை மணி நேர அமைதியான இடம் மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை.

தொரப்பள்ளி இங்கிருந்து பக்கம். அங்கே 1878-இல் பிறந்த ராஜாஜி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படித்துத்தான் பட்டதாரி ஆனார். ஓசூர்க்காரர்கள் படிப்புக்காக எல்லை தாண்டுவது அவ்வளவு பழைய வழக்கம். இன்று எல்லை தாண்டாமலே படிக்கும் வசதி வந்திருக்கிறது. அதற்கு ஊர் ஒரு மேசையாவது போட்டுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டு நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நூலகத்தோடு கூடிய அறிவுசார் மையங்கள் கட்டிவருகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைந்திருக்கும் அந்த மாதிரி ஒரு கூடம் சிப்காட் பக்கத்தில் வேண்டும். வைஃபை, பிளக் பாயின்ட், குடிதண்ணீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஒரு காவலாளி. என்பிடெல் பாடங்களைத் தமிழ், தெலுங்கு, கன்னட எழுத்து வடிவங்களோடு ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி அங்கேயே வைத்துவிட்டால் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் தடையேதும் இல்லை. திறக்கும் நேரத்தை அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல் காலை ஏழு மணிக்கு, சி ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்காகத் திறக்கட்டும். பூட்டுவது பி ஷிப்ட் பஸ் வந்து, புதன்கிழமை 11:59-உம் தாண்டிய பிறகு.